நர்சிங் கல்லூரிக்கு வரலாறு எழுதப் போகிறீர்களா? டூட்டி ரோஸ்டரிலிருந்து தொடங்குங்கள்

ஒரு நர்சிங் கல்லூரிக்கு ஐம்பது வயது நெருங்கினால் நிர்வாகத்துக்கு விழா மலர் ஞாபகம் வந்துவிடும். "மேடம், நம்ம காலேஜ் ஹிஸ்டரியை ஒரு பத்துப் பக்கம் எழுதிக் குடுத்துடுங்க" என்று ரிட்டையர் ஆகப் போகிற யாராவது ஒருவர் தலையில் அந்த வேலை விழும். மதுரைப் பக்கம் ஓர் அறக்கட்டளைக் கல்லூரியில் டியூட்டராக (பாடம் எடுப்பவராக) சேர்ந்து துணை முதல்வராக ஓய்வு பெற்ற என் தலையிலும் விழுந்தது. அதற்கப்புறம் வேறு கல்லூரிக்காரர்களும் போன் போட்டு "எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலான மலர்களில் வரலாறு என்ற பெயரில் இருப்பது நிறுவனர் படம், முதல்வர்கள் வரிசை, எந்தக் கட்டடத்தை எந்த அமைச்சர் திறந்து வைத்தார், தேர்ச்சி விகிதம். அதில் தன் படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எல்லோரும் மூடிவிடுவார்கள். நர்சிங் கல்லூரியின் வரலாறு ஆஸ்பத்திரிக்கும் வகுப்பறைக்கும் நடந்த இழுபறி என்பது என் கட்சி. ஆஸ்பத்திரிக்கு வார்டில் ஆள் வேண்டும். வகுப்புக்கு மாணவி வேண்டும். இரண்டுக்கும் இருப்பது ஒரே பெண். காலை ஏழு மணிக்கு அவள் எங்கே நிற்க வேண்டும் என்பதை எந்தக் காலத்தில் யார் முடிவு செய்தார்கள்? இதற்குப் பதில் தேட ஆரம்பித்தால் மற்றவை தானாக வந்து சேரும்.

ஒரு நீள நோட்டு வாங்கி நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் நிர்வாகம்: யாருடைய சொத்து, யார் அனுமதி கொடுத்தார்கள், யார் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார்கள், சம்பளமும் ஸ்டைபண்டும் (மாணவிகளின் உதவித்தொகை) எந்தக் கணக்கிலிருந்து வந்தன. வலது பக்கம் கல்வி: எந்த சிலபஸ், யார் பாடம் எடுத்தார்கள், பரீட்சை நடத்தியது யார், சான்றிதழில் யார் பெயர். வருடவாரியாக நிரப்பிக்கொண்டே வாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே வருடத்தில் மாறவே மாறாது. ஒரு பக்கம் மாறி, இன்னொரு பக்கம் பழையபடியே கிடக்கும் வருடங்கள்தான் எழுதத் தகுந்தவை.

மாதிரிக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) எடுத்துக்கொள்ளலாம். நம் மாநிலத்தில் அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 1902-ல் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். 1909-ல் டெலியா ஹௌட்டன் பொறுப்பில் நர்சிங் பள்ளி ஆரம்பமானது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கே வந்தது 1918-ல்தான். அதாவது டாக்டருக்குப் படிக்க ஆள் வருவதற்கு ஒன்பது வருடம் முன்பே நர்சுக்குப் படிக்க வந்துவிட்டார்கள். படுக்கை இருந்தால் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும் அல்லவா? இது இடது பக்கச் செய்தி. 1946-ல் அங்கே நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படிப்பு, சென்னைப் பல்கலைக்கழக இணைப்போடு தொடங்கியது. இது வலது பக்கம். நடுவில் 37 வருடம் கிடக்கிறது. அந்த இடைவெளியில் படித்தவர்கள் டிப்ளமோவோடு வெளியே வந்து ஊர் ஊராக வார்டுகளைத் தாங்கினார்கள். நம் மலர்களில் அவர்களுக்கு ஒரு வரிகூட இருக்காது.

இங்கே ஒரு வாக்கியத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். "பள்ளி கல்லூரியாகத் தரம் உயர்ந்தது" என்று எல்லா மலரிலும் வரும். வேலூரில் பட்டப்படிப்பு வந்த பிறகும் டிப்ளமோ நிற்கவில்லை, கூடவே நடக்கிறது. ஒரே வளாகத்தில் இரண்டு சிலபஸ், இரண்டு பரீட்சை அமைப்பு, இரண்டு வகைச் சான்றிதழ். உங்கள் இடத்தில் பள்ளி மூடப்பட்டதா, கல்லூரியோடு கலந்ததா, பக்கத்திலேயே தொடர்ந்ததா என்பதை அட்மிஷன் ரிஜிஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ரிஜிஸ்டர் எண் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தால் ஒரு கதை. பழைய எண்ணே ஓடியிருந்தால் வேறு கதை.

"முதல்" என்ற சொல்லையும் சும்மா போட்டுவிடாதீர்கள். அதே 1946-ல் டெல்லியிலும் ஒரு நர்சிங் கல்லூரி வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த, மத்திய அரசின் கல்லூரி. இப்போது ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரில் இருக்கிறது. வேலூர்க்காரர்களும் முதல் என்பார்கள், டெல்லிக்காரர்களும் முதல் என்பார்கள். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகம் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கியதால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பிறந்த பள்ளிகளில் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். அங்கும் முதலில் கொடுத்தது மூன்று வருட டிப்ளமோதான், பட்டம் பின்னால்தான் வந்தது. ஆகவே எதில் முதல், எந்த மாநிலத்தில், எந்தப் படிப்பில் என்று மூன்றையும் சேர்த்து எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் வருடத்தை மட்டும் கொடுத்துவிட்டு நகருங்கள்.

1946 ஏன் என்று வாசகருக்கு ஒரு பத்தியில் சொல்லிவிடுவது நல்லது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய பிரிட்டிஷ் இந்திய அரசு 1943-ல் அமைத்த போர் கமிட்டி தன் அறிக்கையை 1946-ல் கொடுத்தது. தலைவர் சர் ஜோசப் போர். யுத்தத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, என் மாணவிகள் வருடா வருடம் கேட்பார்கள். அந்த அறிக்கையின் கணக்குப்படி நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். அடுத்த வருடம் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். 1949-ல் கவுன்சில் அமைந்தது. நம் மாகாணத்திலோ 1926-லேயே மெட்ராஸ் நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் சட்டம் வந்து பதிவு தொடங்கிவிட்டது. உங்கள் கல்லூரி 1970-க்குப் பிறகு வந்ததென்றால் இதையெல்லாம் அரைப் பக்கத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலிலிருந்து ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள்.

சரி, ஆவணங்களுக்கு வருவோம்.

டூட்டி ரோஸ்டர், அதாவது யார் எந்த வார்டில் எந்த நேரம் வேலை என்ற பட்டியல். இதைத்தான் முதலில் தேட வேண்டும். பழைய ரோஸ்டரை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. மேட்ரன் (ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குத் தலைவர்) ஆபீஸ் பரணிலோ லினன் ரூம் அலமாரியிலோ கிடந்தால் உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் பச்சை பைண்டிங் போட்ட ஒரு ரோஸ்டர் புத்தகம் கிடைத்தது. பக்கத்தின் மேல்பாதியில் ஸ்டாஃப் நர்ஸ்கள், நான்கைந்து பெயர்தான். கீழ்ப்பாதி முழுக்க மாணவிகள், பெயருக்கு எதிரே ஆண்டு மட்டும் ரோமன் எண்ணில். இரவு டூட்டிக் கட்டத்தில் மேல்பாதிக்காரர் ஒருவர்கூட இல்லாத வாரங்கள் உண்டு. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஆண்கள் மருத்துவ வார்டை ராத்திரி முழுக்கத் தனியாகப் பார்த்திருக்கிறாள். அடியில் மேட்ரன் கையெழுத்து. சில வருடம் கழித்து அதே புத்தகத்தில் மேட்ரன் கையெழுத்துக்குப் பக்கத்தில் சிஸ்டர் டியூட்டரின் இனிஷியல் வருகிறது. அப்புறம் மாணவிகளுக்கென்று தனித்தாள். அதில் டியூட்டர் கையெழுத்து மட்டும். எங்கள் இடம் கல்லூரியானது அந்தத் தாள் வந்த வருடத்தில் என்று நான் எழுதினேன். பெயர்ப்பலகை மாறிய வருடம் வேறு. நிர்வாகத்தில் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை, இரண்டு தேதியையும் போடுவது என்று சமாதானம் ஆனோம்.

இந்தக் கையெழுத்துச் சோதனை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது. வேலூரில் பாடம் எடுக்கிறவர்களே வார்டுப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கிற முறை நெடுங்காலமாக இருக்கிறது. அங்கே மேட்ரன் பக்கம், டியூட்டர் பக்கம் என்று கோடு கிழித்தால் தப்பாகப் போய்விடும். உங்கள் இடத்திலும் அப்படி இருந்தால், மாணவிகளை வார்டின் ஆள் கணக்கில் சேர்த்தார்களா, கூடுதலாக வைத்தார்களா என்று மட்டும் பாருங்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு இப்போது காட்டுகிற மாஸ்டர் ரொட்டேஷன் பிளானை (வகுப்பும் வார்டும் எப்போது என்ற வருடத் திட்டம்) நம்பி மட்டும் எழுதாதீர்கள். அது நடக்க வேண்டியதைச் சொல்லும். நடந்ததை ரோஸ்டர்தான் சொல்லும்.

அட்மிஷன் ரிஜிஸ்டரில் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். "விலகிய காரணம்" என்று இருக்கும். பழைய பக்கங்களில் அந்தக் கட்டத்தில் "கல்யாணம்" என்ற ஒற்றைச் சொல் திரும்பத் திரும்ப வரும். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்குத் திருமணம் ஆகிவிட்டால் படிப்பு முடிந்தது என்ற விதி பல இடங்களில் இருந்தது. "உடல்நிலை" என்று எழுதியிருந்தால் அந்த வருட சிக் ரூம் ரிஜிஸ்டரையும் பாருங்கள், டி.பி. வார்டு போஸ்டிங் முடித்த மாதங்களோடு ஒத்துப்போகிறதா என்று தெரியும். அதே ரிஜிஸ்டரில் சொந்த ஊர்ப் பத்தியைக் கூட்டிப் பார்த்தால் கல்லூரி எந்த ஊர்ப் பெண்களுக்குக் கதவு திறந்தது என்பது புரியும். எங்களுக்கு முதல் பதினைந்து வருடம் பாதிக்கு மேல் கேரளம், நாகர்கோவில். பிறகு சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர். இந்த மாற்றத்துக்கு எந்தத் தீர்மானமும் எந்த மினிட்ஸிலும் இல்லை.

முதல்வர்கள் பட்டியல் கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். சுவரில் தொங்கும் மரப்பலகையைப் பார்த்து எழுதாதீர்கள். பலகையில் "பொறுப்பு" முதல்வர்கள் இருக்க மாட்டார்கள். சம்பளப் பட்டுவாடா ரோலை எடுத்து மாதாமாதம் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் பலகையில் இரண்டு முதல்வர்களுக்கு நடுவே இடைவெளியே தெரியாது. ரோலில் மூன்று வருடத்துக்கு மேல் ஒரு சீனியர் டியூட்டர் பொறுப்பில் இருந்து முதல் பேட்ச் பட்டதாரிகளை வெளியே அனுப்பியிருக்கிறார். மலரில் அவர் படம் முழுப் பக்கத்தில் வந்தது.

ஸ்டாக் ரிஜிஸ்டரை யாரும் கண்டுகொள்வதில்லை. கல்வி வரலாற்றுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. எலும்புக்கூடு எந்த வருடம் வந்தது, பிராக்டிஸ் பொம்மை எப்போது, புரொஜெக்டர் எப்போது, கண்ணாடி சிரிஞ்ச் வாங்குவது எந்தப் பக்கத்தோடு நிற்கிறது. நியூட்ரிஷன் லேபுக்கு ஸ்டவ் வாங்கிய தேதி, அந்தப் பாடத்துக்கு உண்மையில் பிராக்டிக்கல் ஆரம்பித்த தேதி. சிலபஸில் அது நான்கு வருடம் முன்பே இருந்திருக்கும்.

பரீட்சை யார் நடத்தினார்கள் என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மிஷன் ஆஸ்பத்திரிப் பள்ளிகளில் படித்தவர்கள் இந்தியக் கிறிஸ்தவ மருத்துவச் சங்கத்தின் நர்சஸ் லீக் நடத்திய தென்னிந்திய போர்டின் பரீட்சை எழுதினார்கள். அரசுப் பள்ளிக்காரர்களுக்கு வேறு. பதிவு மட்டும் எல்லோருக்கும் மாநில நர்சிங் கவுன்சிலில். பட்டப்படிப்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. மதுரை மாதிரி ஊர்களில் பிறகு அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு 1987-ல் சட்டம் வந்து, 1988-ல் அது செயல்படத் தொடங்கியதும் நர்சிங் கல்லூரிகள் அதன் கீழே போயின. அந்த மாற்றத்தின் நடுவில் சிக்கிய பேட்ச்களுக்கு எந்தப் பல்கலைக்கழகச் சான்றிதழ் என்பதை ஊகித்து எழுதக் கூடாது. அந்த பேட்ச் ஆட்களில் இரண்டு பேரிடமாவது பட்டச் சான்றிதழின் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள். வெளிநாடு போனவர்கள் எல்லோரிடமும் ஸ்கேன் செய்து தயாராகவே இருக்கும்.

ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ படிப்பின் காலம் மூன்று வருடம், மூன்றரை வருடம் என்று மாறி மாறி வந்திருக்கிறது. 2015-16 முதல் மறுபடியும் மூன்று. சேர்ந்த வருடத்தோடு கண்ணை மூடிக்கொண்டு மூன்றைக் கூட்டினால் கணக்கு உதைக்கும். பி.எஸ்சி.யில் 2021-22 சேர்க்கையிலிருந்து செமஸ்டர் முறையும் கிரெடிட்டும் வந்துவிட்டன. 2023-ல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. 1947 சட்டத்தின் இடத்துக்கு வரும் சட்டம் இது. சமீபத்திய அத்தியாயத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம்.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் வேண்டும். 1969-க்கு முந்தைய கடிதங்களில் மெட்ராஸ் மாநிலம். வேலூர் என்றால் 1989 வரை வட ஆற்காடு மாவட்டம். அந்தந்த வருடத்துப் பெயரை அப்படியே போட்டு, முதல் தடவை மட்டும் இன்றைய பெயரைச் சொல்லிவிடுங்கள்.

கல்லூரிக்குள் கிடைக்காததற்கு வெளியே போக வேண்டும். அரசாணைகளுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அரசாணை எண், தேதி, துறை மூன்றும் கையில் இருந்தால் வேலை சுலபம். "நர்சிங் பள்ளி சம்பந்தமா ஏதாவது" என்று போய் நின்றால் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். எண் எங்கே கிடைக்கும்? உங்கள் கல்லூரிக்கு வந்த பழைய கடிதங்களின் "பார்வை" வரியில் கிடைக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய காலண்டர்களில் இணைப்புக் கல்லூரிகள் பட்டியலும் பாடத்திட்டமும் இருக்கின்றன. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சங்கத்தின் நர்சிங் ஜர்னல் ஆஃப் இந்தியா 1910-லிருந்து வருகிறது; அதன் பழைய இதழ்களில் கிளைச் செய்திகளை விடாமல் பாருங்கள். பள்ளித் திறப்பு, மேட்ரன் மாற்றம் எல்லாம் இரண்டு வரியில் வந்திருக்கும்.

பழைய காகிதத்தைக் கையாள்வது பற்றி நிறையப் படித்துக் குழம்ப வேண்டாம். லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், பக்க எண்ணைப் பென்சிலில் போடுங்கள், போனில் படம் எடுத்த அன்றே ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று பழைய ரிஜிஸ்டரைப் புதிதாகக் காப்பி எழுதிவிட்டுப் பழையதைக் கிழித்துப்போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படி யாராவது கிளம்பினால் முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்தாவது தடுங்கள்.

அப்புறம் ஆட்கள். முதல் பேட்ச் மாணவிகளிடம் "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "ரொம்ப ஸ்டிரிக்ட், ஆனா நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் எதுவும் வராது. பொருளைக் காட்டிக் கேளுங்கள். நான் ஒரு மிட்வைஃபரி கேஸ் புக்கை எடுத்துப் போனேன். எழுதிய அக்காவுக்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும். ஒரு பக்கத்தில் பிரசவ நேரம் அதிகாலை 3.40 என்று நீல மையிலும், மேற்பார்வையிட்டவர் கையெழுத்து கறுப்பு மையிலும் இருந்தன. "இந்தக் கையெழுத்து மறுநாள் வாங்கினது. ராத்திரி சிஸ்டர் வரவே இல்ல, ஆயாதான் டார்ச் புடிச்சா" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து மேற்பார்வை, மின்சாரம், ஆயாக்களின் பங்கு என்று மூன்று பக்கம் எழுத முடிந்தது. கேப், பெல்ட், ஸ்டைபண்ட் நோட்டு, ஹாஸ்டல் அவுட்பாஸ் என எது கிடைத்தாலும் கொண்டுபோங்கள். எவ்வளவு ஸ்டைபண்ட், அதில் மெஸ்ஸுக்கு எவ்வளவு பிடித்தார்கள், வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்று தொகையாகக் கேளுங்கள். படிப்பு முடிந்து கட்டாயமாக வேலை பார்த்த பாண்ட் காலத்தின் சம்பளத்தையும் கேளுங்கள். அங்கே குரல் மாறும், குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கேஸ் புக்கில் நோயாளி பெயர், ஊர், கணவர் பெயர் எல்லாம் இருக்கும். மலரில் அந்தப் பக்கத்தை அச்சிட்டால் அவற்றை மறைத்துத்தான் போட வேண்டும். மாணவிகளை நீக்கிய விவரங்களிலும் பெயர் வேண்டாம், எண்ணிக்கையும் காரணமும் போதும். பேட்டி கொடுத்தவர்களுக்கு அவர்கள் பகுதியை அச்சுக்கு முன் வாசித்துக் காட்டிவிடுங்கள். ஆயாவும் டார்ச்சும் என்ற வரியைப் போடலாமா வேண்டாமா என்று அந்த அக்கா ஒரு வாரம் யோசித்துத்தான் சரி என்றார்.

எழுதும்போது முதல்வர் காலவாரியாகப் பிரிக்காதீர்கள். மாணவி யார் கையில் இருந்தாள் என்பதை வைத்துப் பிரியுங்கள்: மேட்ரன் காலம், மேட்ரனும் டியூட்டரும் பங்கு போட்ட காலம், பல்கலைக்கழகக் காலம். தனியார் கல்லூரியென்றால் அறக்கட்டளை, மாநில அரசு, கவுன்சில், பல்கலைக்கழகம் என்று நான்கு வாசலிலும் அனுமதிக்கு நின்ற கதை ஒரு தனி அத்தியாயத்துக்குத் தேறும். எந்த வாசலில் எத்தனை மாதம் என்று ஃபைலில் இருக்கும் தேதிகளை வரிசையாகப் போட்டாலே போதும், திட்ட வேண்டியதில்லை.

நிர்வாகம் சில பக்கங்களை வெட்டச் சொல்லும். வேலைநிறுத்தம், இடம் குறைக்கப்பட்ட வருடம், திரும்பிப் போன இன்ஸ்பெக்ஷன் அறிக்கை. பெரிய சண்டை வேண்டாம். தேதியையும் நடந்ததையும் ஒற்றை வரியில் வைத்துக்கொள்ள ஒத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வெட்டியதை நோட்டோடு சேர்த்துக் கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் போட்டு, பெட்டி எண்ணை நூலகப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

அச்சானதும் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்கு, ஒன்று பல்கலைக்கழக நூலகத்துக்கு, ஒன்று உங்கள் மாவட்ட மைய நூலகத்துக்கு. விழா முடிந்து மிச்சமிருக்கும் பிரதிகளை ஸ்டோர் ரூமில் கட்டி வைக்க விடாதீர்கள்; பேட்டி கொடுத்தவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள், தபால் செலவை மலர்க் கணக்கிலேயே எழுதலாம்.